கிரேக்க நீதிப்பாடல்களும் எதிர்ப்பக்கத்து இலத்தீனும்

கேட்கப்பட்ட கேள்வி இது: 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அச்சான கிரேக்க நூல்களில் பிதாகரஸ், போக்கிலிதேஸ், தியோக்னிஸ் என்ற அதே சில பெயர்கள் ஏன் திரும்பத் திரும்ப ஒரே அட்டைக்குள் வருகின்றன? அவற்றோடு அச்சிடப்பட்ட இலத்தீன் மொழிபெயர்ப்பு யாருக்காக? அந்த இலத்தீனை நம்பி மூலத்தைப் புரிந்துகொள்ளலாமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். இந்தத் தொகுப்புகள் பள்ளிக்கூடத்திற்காகப் பிறந்தவை. இலத்தீன் நன்கு தெரிந்த, கிரேக்கம் அப்போதுதான் தொடங்கும் மாணவனின் கையில் இருக்க வேண்டும் என்று செய்யப்பட்டவை. மூன்றாவது கேள்விக்குச் சற்று நீளமான விடை வேண்டும். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் இந்த இலத்தீன் பெரும்பாலும் சரியாகவே சொல்லும். அந்தச் சொல்லை யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னார் என்று கேட்டால் அது வாய் திறக்காது. சில இடங்களில் வழி மாற்றியும் விடும். அப்படி நேர்ந்த மூன்று இடங்களைப் பின்னால் விரிவாகக் காட்டுகிறேன்.

கிரேக்கர் ‘க்னோமே’ என்று அழைத்தது ஓரடியிலோ ஈரடியிலோ சொல்லி முடிக்கப்படும் அறவுரையை. ஹோமரின் ஓர் அடியைப் பொருள் கொள்ள அதற்கு முன்னும் பின்னும் உள்ள கதை தெரிய வேண்டும். க்னோமேக்கு அது வேண்டியதில்லை. ஆசிரியர் ஒரு நாளுக்கு நான்கு அடிகளை எடுத்துக்கொண்டு, வேற்றுமையையும் வினைத்திரிபையும் விளக்கி, மனப்பாடம் செய்யச் சொல்லி, மறுநாள் அடுத்த நான்கு அடிகளுக்குப் போய்விடலாம். கூடவே ஒழுக்கமும் கற்பித்ததாக ஆகிறது. கிரேக்கம் புறச்சமயத்தாரின் மொழி என்று தயங்கிய பெற்றோருக்கு அது நல்ல பதிலாகவும் இருந்தது.

அச்சில் இந்த மரபு இலத்தீனில்தான் தொடங்கியது. பிதாகரஸின் பெயரில் வழங்கும் ‘பொன் அடிகள்’ 71 அடிகள் கொண்ட சிறு பாடல். அதற்குப் பிற்காலக் கிரேக்கத் தத்துவவாதி ஹீரோக்ளிஸ் எழுதிய உரையை ஜொவான்னி அவுரிஸ்பா இலத்தீனில் பெயர்த்தார், அது 1474இல் பாதுவாவில் அச்சேறியது. கிரேக்க மூலம் அச்சாக மேலும் 20 ஆண்டுகள் பிடித்தன. வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் தம் அச்சகத்திலிருந்து காலக்குறிப்புடன் வெளியிட்ட முதல் நூல், 1495இல் வந்த கான்ஸ்டன்டைன் லஸ்காரிஸின் கிரேக்க இலக்கணம். இலக்கணம் முடிந்ததும் மாணவன் எதைப் படிப்பான் என்பதை ஆல்டஸ் யோசித்திருக்கிறார். நூலின் பின்பகுதியில் எழுத்துக்களும் சுருக்கக்குறிகளும் விளக்கப்பட்டு, கிறிஸ்தவச் செபங்கள் தரப்பட்டு, அவற்றை அடுத்துப் பொன் அடிகளும் போக்கிலிதேஸின் பெயரிலுள்ள பாடலும் இலத்தீனுடன் சேர்க்கப்பட்டுள்ளன. மாணவனுக்கு இலத்தீனில் மனப்பாடமாகத் தெரிந்த செபத்தைக் கிரேக்கத்தில் முதலில் காட்டி, பிறகு தெரியாத பாடலுக்கு அழைத்துச் செல்கிற அந்த வரிசை ஒரு நல்ல ஆசிரியரின் வரிசை.

அடுத்த ஆண்டே ஆல்டஸ் பெரிய தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். வெனிஸின் நாட்காட்டி மார்ச்சில் தொடங்கியதால் அந்நூலில் 1495 பிப்ரவரி என்றிருக்கும். நம் கணக்கில் அது 1496. தியோக்ரிட்டஸின் முல்லைப்பாடல்களோடு தியோக்னிஸ், பொன் அடிகள், போக்கிலிதேஸ், ஏழு ஞானியரின் மொழிகள், தலைப்பு வாரியாக அடுக்கப்பட்ட ஓரடி முதுமொழிகள், ஹீசியட், இலத்தீனிலிருந்து கிரேக்கத்துக்குப் போன கேட்டோவின் ஈரடிகள் என எல்லாம் அதில் உண்டு. தியோக்னிஸுக்கு இதுவே முதற்பதிப்பு. நூல் கிரேக்கத்தில் மட்டும் இருந்தது. ஆல்டஸ் அதைப் பத்திஸ்தா குவாரினோ என்னும் ஆசிரியருக்குக் காணிக்கையாக்கினார். நீங்கள் கேட்ட அந்தப் பெயர்களின் கூட்டணி இங்கேதான் அச்சில் உருவானது. பிறகு வந்தவர்கள் சேர்த்தார்கள், நீக்கினார்கள், ஆனால் இந்த நடுக்கருவைக் கலைக்கவில்லை. பாரிஸில் 1507இல் பிரான்சுவா திஸார், ஜில் து குர்மோனின் அச்சகத்தில் அந்நகரின் முதல் கிரேக்க நூலை வெளியிட்டபோதும் அது ஒரு நீதிமொழித் தொகுப்பாகவே இருந்தது: எழுத்துக்கள், ஏழு ஞானியர், பொன் அடிகள், போக்கிலிதேஸ்.

ஆல்டஸின் இருமொழி நூல்களில் ஓர் அச்சு நுட்பம் உண்டு. அச்சுத்தொழில் அறிந்தவர்கள் அதை ரசிப்பார்கள். கிரேக்கத்தையும் இலத்தீனையும் அவர் தனித்தனி ஃபாரங்களாக, அதாவது தனித்தனித் தாள்மடிப்புகளாக, அச்சிட்டார். பைண்டிங் செய்யும்போது இலத்தீன் தாள்களைக் கிரேக்கத் தாள்களுக்கிடையே செருகினால் பக்கத்துக்குப் பக்கம் எதிரெதிராக நிற்கும். வேண்டாமென்றால் இலத்தீனைத் தனியாகக் கட்டிக்கொள்ளலாம், எடுத்தும் விடலாம். கற்றறிந்தவர் இலத்தீன் துணையோடு கிரேக்கம் படிப்பதைக் கௌரவக் குறைவாக நினைத்த காலம் அது. முதல் ஆண்டு மாணவனும் அவனுடைய ஆசிரியரும் ஒரே பதிப்பை வாங்க வேண்டும் என்றால் இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொகுப்புகள் பெருகின. யோவாகிம் கமெராரியஸ், பாசலில் ஒபோரினுஸ் அச்சகம் வழியாக 1551 அளவில் ஒரு பள்ளித் தொகுப்பைத் தந்தார். தியோக்னிஸ், பிதாகரஸ், போக்கிலிதேஸ் ஆகியோருடன் சோலோன், திர்தையோஸ், சைமோனிதிஸ் ஆகியோரின் பாடல்களும் விளக்கமும் அதில் உண்டு. வெசாலியஸின் உடற்கூறு நூலை 1543இல் அச்சிட்ட ஒபோரினுஸ்தான் இவர். பாரிஸில் துர்னேபஸ் 1553இல் கிரேக்க நீதிப்பாடல்களை அச்சிட்டார். அரசரின் கிரேக்க அச்சாளர் என்ற பதவியில் இருந்ததால், கிளோட் கேரமாண்ட் வெட்டிய அழகிய அரச அச்செழுத்துகள் அவர் கையில் இருந்தன. ஏஞ்சலோ வெர்கேச்சியோ என்னும் கிரேக்க எழுத்தரின் கையெழுத்தைப் பார்த்து வெட்டப்பட்டவை அவை. எழுத்தோடு எழுத்து பின்னிய கூட்டெழுத்துகள் நிறைந்தவை. இன்று கிரேக்கம் நன்கு படிக்கத் தெரிந்தவர்களும் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் திகைத்து நிற்பது இதனால்தான். லூதரின் தோழரும் சீர்திருத்தச் சமய அறிஞருமான மெலாங்தனின் மாணவரான மிகாயேல் நியாண்டர் தொகுத்த பள்ளி நூல் 1559இல் அதே ஒபோரினுஸ் வழியாக வந்தது. நியாண்டர் ஜெர்மனியின் இல்ஃபெல்டில், முன்பு மடமாக இருந்த கட்டடத்தில் இயங்கிய பள்ளிக்குத் தலைமை வகித்து, 1595இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தவர். அச்சாளரும் கிரேக்க அறிஞருமான ஹென்றி எஸ்டியென் 1569இல், நகைச்சுவை நாடகப் புலவர்களின் முதுமொழிகளைத் தாமே இலத்தீன் செய்யுளாக்கி வெளியிட்டார். இந்த வரிசை இன்னும் நீளும். உங்கள் கேள்விக்கு இவை போதும்.

இனி இலத்தீனுக்கு வருவோம். அது இரண்டு வகைப்படும். ஒன்று, சொல்லுக்குச் சொல் வைத்த உரைநடை. இலத்தீனாகப் படித்தால் அது கரடுமுரடாக இருக்கும். கிரேக்கச் சொல் எந்த இடத்தில் நிற்கிறதோ அதே இடத்தில் இலத்தீன் சொல்லை நிறுத்துவதே அதன் வேலை. மற்றது செய்யுளாக்கம். அது மூலத்தோடு போட்டியிடும், மூலத்தைத் தன் சந்தத்துக்கு வளைக்கும். எஸ்டியென் 1570இல் வெளியிட்ட கிரேக்கச் சிறுபாடல் தொகுப்பில் இரண்டையும் சேர்த்தே கொடுத்தார். இந்த இரண்டும் வெவ்வேறு பணி செய்பவை என்பதை அவரைவிடத் தெளிவாக யாரும் காட்டவில்லை என்பது என் எண்ணம்.

ஓர் அடியை அருகில் வைத்துப் பார்க்கலாம். பொன் அடிகளில் புகழ்பெற்ற பகுதி, இரவில் தன்னைத் தானே விசாரித்துக்கொள்வது பற்றியது. அன்றைய செயல் ஒவ்வொன்றையும் மும்முறை எண்ணிப் பார்க்கும் வரை கண்ணுக்குத் தூக்கத்தை அனுமதிக்காதே என்று சொல்லிவிட்டு, மூன்று கேள்விகளை ஒரே அடியில் வைக்கிறது: ‘எங்கே வழி தவறினேன்? என்ன செய்தேன்? நான் செய்ய வேண்டியிருந்தும் செய்யாமல் விட்டது எது?’ கிரேக்கத்தில் கடைசிக் கேள்வியில் ‘தேஓன்’ என்ற சொல் இருக்கிறது. ‘செய்தாக வேண்டியது’ என்பது அதன் பொருள். பழைய இலத்தீன் கவிதை ஒன்று இதே அடியைத் தழுவி, ‘எங்கே கடந்துபோனேன்? உரிய நேரத்தில் செய்தது எது? செய்யாதது எது?’ என்று பாடுகிறது. ‘க்விட் நோன்’ என்ற இரண்டே சொற்களில் முடியும் அந்த முடிவு காதுக்கு இனியது, மனத்திலும் நிற்கிறது. ஆனால் ‘தேஓன்’ காணாமல் போய்விட்டது. செய்யாமல் விட்டவை ஆயிரம் இருக்கலாம்; கிரேக்க அடி கேட்பது அவற்றுள் கடமையாக இருந்ததை மட்டுமே. சொல்லுக்குச் சொல் வைத்த கரடுமுரடான இலத்தீன் இதைத் தவறவிடாது. அழகான இலத்தீனில்தான் இந்த இழப்பு நேர்கிறது.

இது சிறிய இழப்பு. நான் சொன்ன மூன்று இடங்களில் முதலாவதான தியோக்னிஸிடம் நேர்வது பெரியது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மெகாரா நகரத்துப் பிரபுவாகிய அவர், கிர்னோஸ் என்னும் இளைஞனுக்கு அறிவுரை சொல்கிறார்: நல்லோரிடம் நல்லதைக் கற்பாய், தீயோரோடு கலந்தால் உள்ள அறிவையும் இழப்பாய். எந்த நாட்டுப் பள்ளியிலும் சொல்லத்தக்க அறவுரையாகவே இது ஒலிக்கிறது. இலத்தீனும் ‘போனி’, ‘மாலி’ என்று நல்லோர், தீயோரைத் தருகிறது. அகராதிப்படி அது சரி. ஆனால் தியோக்னிஸின் ‘அகதோய்’ என்பவர்கள் உயர்குடியில் பிறந்தவர்கள். ‘ககோய்’ என்பவர்கள் கீழ்க்குடியினர், அதிலும் புதிதாகப் பணம் சேர்த்து நகரத்தின் அதிகாரத்தில் பங்கு கேட்பவர்கள். செம்மறிக்கடாவையும் கழுதையையும் குதிரையையும் வாங்கும்போது நல்ல இனமாகப் பார்த்து வாங்குகிறோம், ஆனால் நல்ல குடியில் பிறந்தவனோ பணம் கிடைத்தால் தீயவனின் தீய மகளை மணக்கத் தயங்குவதில்லை, செல்வம் இனத்தைக் கலந்துவிட்டது என்று அவர் புலம்பும் இடத்தில் விஷயம் வெளிப்படையாகிவிடுகிறது. அந்தப் பெண் என்ன தீமை செய்தாள்? ஒன்றுமில்லை, பிறந்த குடிதான் அவளுடைய தீமை. சிசரோவின் இலத்தீனிலும் ‘போனி’ என்பதற்கு மேட்டுக்குடிச் சாயல் உண்டு என்பது உண்மையே. ஆனாலும் இந்த அடிகளைப் பொதுவான ஒழுக்க நெறியாகப் பாடம் சொன்ன வகுப்பறையில், அதிகாரத்தை இழந்துகொண்டிருந்த ஒரு வர்க்கத்தின் கசப்பு காதில் விழ வாய்ப்பே இல்லை. விட்டன்பர்க்கில் மெலாங்தன் தியோக்னிஸைப் பாடம் நடத்தினார். அவருடைய விளக்கங்களும் அச்சாகின. 19ஆம் நூற்றாண்டில் இளம் மொழியறிஞராக இருந்த நீட்சே 1867இல் தம் முதல் ஆய்வுக் கட்டுரையைத் தியோக்னிஸ் தொகுப்பைப் பற்றி எழுதியதும், பின்னாளில் ‘நல்லவன்’ என்ற சொல் முதலில் ‘உயர்ந்தோன்’ என்றே பொருள்பட்டது என்று வாதிட்டபோது அதே புலவரைச் சான்றாகக் காட்டியதும் தற்செயல் அல்ல.

அந்தக் கால மாணவன் கையில் இருந்தது முழுத் தியோக்னிஸும் அல்ல. அப்போது கிடைத்த சுவடிகளில் சுமார் 1,220 அடிகளே இருந்தன. இளைஞர் மீதான ஆண்களின் காதலைப் பாடும் இரண்டாம் பகுதி 10ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில் மட்டுமே எஞ்சியது. அதை இம்மானுவேல் பெக்கர் வெளியிட்டது 1815இல்தான்.

இரண்டாவது இடமான போக்கிலிதேஸின் கதையோ இன்னும் வியப்பானது. இந்தத் தொகுப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. மிலேத்தஸ் நகரத்துப் போக்கிலிதேஸ் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் உண்மையாகவே வாழ்ந்த புலவர். ‘இதுவும் போக்கிலிதேஸ் சொன்னது’ என்று தம் பாடல்களில் முத்திரை வைத்தவர். அவருடைய அடிகள் மேற்கோள்களாகச் சிதறிச் சிலவே எஞ்சின. ஆனால் ஆல்டஸ் முதல் அச்சிட்ட எல்லோரும் அவர் பெயரில் தந்தது 230 அடிகள் கொண்ட ஒரு முழுப் பாடல். பள்ளி ஆசிரியர்கள் அதை மிகவும் விரும்பினார்கள், ஏனென்றால் கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஒரு கிரேக்கர் விவிலியத்துக்கு இவ்வளவு நெருக்கமாகப் பேசியிருக்கிறாரே என்ற மகிழ்ச்சி அவர்களுக்கு. முதலில் கடவுளை மதி, அடுத்துப் பெற்றோரை மதி என்கிறது அது. உழைத்தவனுக்குக் கூலி கொடு, ஏழையை நசுக்காதே என்கிறது. இரப்பவனுக்கு உடனே கொடு, நாளை வா என்று சொல்லாதே என்கிறது.

இவை எந்த நாட்டு நீதிநூலிலும் வரக்கூடியவை என்று சொல்லிவிடலாம். ஆனால் நடுவே ஓர் அறிவுரை வருகிறது: கூட்டிலிருக்கும் பறவைகள் அனைத்தையும் ஒருசேர எடுக்காதே, தாய்ப்பறவையை விட்டுவிடு, அதனிடமிருந்து மீண்டும் குஞ்சுகள் கிடைக்கும். வேறோர் இடத்தில், காட்டு விலங்கு கடித்துப் போட்ட இறைச்சியை உண்ணாதே, அதை நாய்களுக்கு விடு என்கிறது. முதலாவது விவிலியத்தில் உபாகமத்தின் 22ஆம் அதிகாரம். இரண்டாவது யாத்திராகமத்தின் 22ஆம் அதிகாரம். இரண்டும் மோசேயின் சட்டங்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டு மிலேத்தஸில் ஒருவர் இவற்றைத் தாமாகவே எண்ணிச் சொல்லியிருக்க முடியாது.

ஃபிரெட்ரிக் சில்பர்க், ஃபிராங்க்பர்ட்டின் வெகெல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியும் பதிப்பித்தும் வாழ்ந்தவர். 1591இல் வெளியிட்ட நீதிப்பாடல் தொகுப்பில் இந்தப் பாடல் பழைய போக்கிலிதேஸுடையதா என்ற ஐயத்தை எழுப்பினார். மொழியறிஞர் ஜோசப் ஸ்காலிஜர் 1606இல் அந்த ஐயத்தை வாதமாக்கி, இதை எழுதியவர் ஒரு யூதராகவோ கிறிஸ்தவராகவோதான் இருக்க வேண்டும் என்று நிறுவினார். யாகோப் பெர்னேஸ் 1856இல் யூதரே என்று விரிவாகக் காட்டினார். இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோர் இதைக் கி.மு. முதல் நூற்றாண்டுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட, கிரேக்கம் பேசிய ஒரு யூதரின் படைப்பாகக் கொள்கிறார்கள். ஆக, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய மாணவர்கள் பழங்கிரேக்க ஞானம் என்று நம்பி ஒப்புவித்தது, யூதச் சட்டத்தை ஹோமரின் சந்தத்தில் அமைத்த ஒரு பாடலை. எந்தப் பொருத்தம் அந்தப் பாடலைப் பள்ளிக்குள் கொண்டுவந்ததோ, அதுவே அதன் பிறப்பைக் காட்டிக்கொடுத்த தடயமும் ஆயிற்று. எதிர்ப்பக்கத்து இலத்தீன் இங்கே எதையும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் வாசகர் காதில் விவிலியமும் இலத்தீனிலேயே ஒலித்துக்கொண்டிருந்ததால், பொருத்தம் அவருக்கு இயல்பாகத் தோன்றியது. வியந்து நின்று கேள்வி கேட்க வேண்டிய இடம் கண்ணில் படவில்லை.

மூன்றாவது இடம் கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் மெனாந்தர். அவருடைய நாடகங்கள் தொலைந்துபோயிருந்தன. பாப்பிரஸ் சுருள்களிலிருந்து அவை மீண்டதெல்லாம் மிகப் பிற்காலத்தில். மறுமலர்ச்சிக்காலத்தார் அறிந்த மெனாந்தர் முழுக்க முழுக்கப் பிறர் பறித்து வைத்த முதுமொழிகளால் ஆனவர். பறித்து வைத்தவர்களில் முதன்மையானவர் 5ஆம் நூற்றாண்டு ஸ்டோபேயஸ். தம் மகனின் கல்விக்காக நூற்றுக்கணக்கான ஆசிரியர்களிடமிருந்து எடுத்துத் தலைப்புவாரியாக அடுக்கியவர் அவர். திருமணம் நல்லது என்று ஒரு தலைப்பு, திருமணம் வேண்டாம் என்று மற்றொரு தலைப்பு என இரு பக்கத்தையும் தருவார். விலங்கியல் நூலால் புகழ்பெற்ற மருத்துவர் கோன்ராட் கெஸ்னர் 1543இல் சூரிக்கில் இவரை இலத்தீனுடன் வெளியிட்டார்.

ஸ்டோபேயஸ் காத்துத் தந்த அடிகளில் ஒன்று: ‘தெய்வங்கள் யாரை நேசிக்கின்றனவோ அவன் இளமையிலேயே இறக்கிறான்.’ மரணத்தைப் பற்றிய பகுதியில் இது தனித்து நிற்கும்போது, மகனை இழந்த தந்தைக்குச் சொல்லும் ஆறுதலாகத் தெரிகிறது. கல்லறைகளில் பொறிக்கவும் பொருந்துகிறது. ஆனால் அந்த மெனாந்தர் நாடகத்தைத் தழுவி ரோமானிய நாடகாசிரியர் ப்ளாட்டஸ் எழுதிய ‘பக்கிடெஸ்’ நமக்கு இருக்கிறது. அங்கே இந்த அடியைச் சொல்பவன் ஒரு தந்திரக்கார அடிமை. தன் கிழட்டு எஜமானனைக் காட்டித்தான் சொல்கிறான். இவனை ஏதாவது ஒரு தெய்வம் நேசித்திருந்தால் பத்தாண்டுகள், ஏன், இருபதாண்டுகளுக்கு முன்பே செத்திருக்க வேண்டுமே என்று தொடர்கிறான். கல்லறைக்குப் போன அடி, நாடகத்தில் ஒரு வசை.

ஸ்டோபேயஸில் உள்ள கவிதைகளை இலத்தீன் செய்யுளாக்கியவர்களில் யாரும் ஹ்யூகோ குரோஷியஸை மிஞ்சவில்லை. ஹாலந்தின் சமய, அரசியல் பூசலில் சிக்கி 1619இல் ஆயுள்சிறை பெற்று, லூவஸ்டைன் கோட்டையில் அடைபட்டிருந்தபோது அவர் உழைத்த பணிகளில் இதுவும் ஒன்று. 1621இல் நூல்கள் வந்துபோகும் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். மொழிபெயர்ப்பு 1623இல் பாரிஸில் வெளியானது. மூலத்தின் சந்தம் எதுவோ அதற்கு இணையான இலத்தீன் சந்தத்தில் அடிக்கு அடி நடக்கும் செய்யுள் அது. மெனாந்தரின் மிடுக்கை அதில் கேட்கலாம். மேடையில் பேசுபவன் யார் என்பதை மட்டும் அதிலும் கேட்க முடியாது, ஏனென்றால் ஸ்டோபேயஸே அதைக் கழற்றி வைத்துவிட்டார்.

நூலகங்கள் வெளியிட்டுள்ள மின்படிவம் ஒன்றைத் திறக்கிறீர்கள் என்றால், முதலில் எதிர்ப்பக்கம் உரைநடையா செய்யுளா என்று பாருங்கள். உரைநடை என்றால் கிரேக்கத்தின் சொல்வரிசைக்கு அதை நம்பலாம். செய்யுள் என்றால் பெயர்ச்சொற்களையும் வினைகளையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். தியோக்னிஸில் ‘போனி’ வரும் இடமெல்லாம் ‘உயர்குடியார்’ என்று வைத்துப் படித்துப் பாருங்கள். பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் பாடல் வேறொன்றாகிவிடும். ஓரத்தில் இரட்டைக் காற்புள்ளிகள் வரிசையாக நின்றால், அவை இன்றைய மேற்கோள்குறிகள் அல்ல. இது எடுத்தெழுதத் தக்க முதுமொழி என்று மாணவனுக்குக் காட்டும் அடையாளங்கள். அக்கால மாணவன் ஒரு குறிப்பேட்டில் நட்பு, செல்வம், மரணம் என்று தலைப்புகள் இட்டு, அத்தகைய அடிகளை அந்தந்தத் தலைப்பின் கீழ் எழுதி வைத்தான். பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேய்ன் தம் நூலக மேல்தளத்து உத்தரங்களில் கிரேக்க, இலத்தீன் அடிகளை எழுதுவித்ததும் அதே பழக்கத்தின் தொடர்ச்சிதான். அவற்றுள் பல ஸ்டோபேயஸ் வழியாக வந்தவை.

போக்கிலிதேஸ் என்ற தலைப்பையும் கவனியுங்கள். ஸ்காலிஜர் எழுதி 29 ஆண்டுகள் ஆன பின்பு, 1635இல், கேம்பிரிட்ஜில் மருத்துவப் பேராசிரியராக இருந்த ரால்ஃப் விண்டர்டன் சிறு கிரேக்கப் புலவர்களை இலத்தீனுடன் தொகுத்து வெளியிட்டார். பல முறை மறுபதிப்பாகி ஆங்கிலேய மாணவர்களின் கைகளில் புழங்கிய அந்நூலின் முகப்பில், தியோக்னிஸுக்கும் பிதாகரஸுக்கும் நடுவே போக்கிலிதேஸ் தம் பழைய இடத்திலேயே இருக்கிறார்.